மாற்றும் போலியும்

ஒரு சொல்லில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்து, பொருள் மட்டும் மாறாமல் இருந்தால் அதைப் போலி என்கிறது இலக்கணம். நிலம் நிலன் ஆகும். பந்தல் பந்தர் ஆகும். மயல் மையல் ஆகும். இதைக் குற்றம் என்று இலக்கணக்காரர்கள் சொல்லவில்லை. வழக்கில் நடப்பதை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது அந்தப் பெயரின் தெரு அர்த்தம் எங்களுக்குச் சிரிப்பு மூட்டியது. இத்தனை வருஷம் கழித்து, தமிழ்நாட்டு அரசியலில் 'மாற்று' என்ற பெயரில் வந்துபோனவற்றைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பாடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

நான் அரசியல் நோக்கர் அல்ல. எனக்குத் தெரிந்த வேலை வார்த்தைகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரு கவிதையில் ஒரு சொல் தன் எடையைச் சுமக்கிறதா, அல்லது பக்கத்துச் சொல்லின் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வையால் இரண்டு கட்சிகளின் பெயர்களை இங்கே வாசிக்கப் போகிறேன்: விஜயகாந்த் 2005ல் தொடங்கிய தேசிய முற்போக்கு திராவிட கழகம், கமல்ஹாசன் 2018ல் தொடங்கிய மக்கள் நீதி மய்யம். இரண்டுமே மதுரையில் பிறந்தவை. 'மாற்று' என்ற அளவில் இரண்டின் கதையும் முடிந்துவிட்டது. முடிந்த கதையைத்தான் பிரதியாக வாசிக்க முடியும். அதற்குப் பின் எழுந்த அலைகளை இந்தக் கட்டுரையில் தொடப்போவதில்லை. அவற்றை எழுத நாளிதழ்கள் இருக்கின்றன. இதை நான் எழுதக் காரணம் வேறு. 'மாற்று' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்தியதும், குறைவாகப் பரிசோதித்ததும் நம்முடைய இந்தச் சிறு வட்டம்தான்.

முதலில், சலிப்பு உண்மையானது. 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் 13 சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. ஆறில் தி.மு.க. ஜெயித்தது, ஏழில் அ.தி.மு.க. வேறு யாரும் இல்லை. 1972ல் எம்.ஜி.ஆர். பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டது ஒரு வீட்டுப் பாகப்பிரிவினை. அந்த வீட்டின் இரண்டு வாசல்கள் வழியாகத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மாநிலம் உள்ளே போய் வெளியே வந்தது. கூடவே பணம் வந்தது. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டது, 2017ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே, வாக்காளருக்குக் கொடுக்கச் சேர்த்த பணம். ஆகவே "இரண்டும் வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால் அவன் வெறும் நாகரிகப் பேச்சுப் பேசுகிறான் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் 'இரண்டும் வேண்டாம்' என்பது முழு வாக்கியம் அல்ல. அதில் எழுவாய் தொக்கி நிற்கிறது, பயனிலை எதிர்மறை. இந்த அரை வாக்கியத்தை முடித்துவைக்க வந்தவர்கள் எப்படி முடித்தார்கள் என்பதே கேள்வி.

விஜயகாந்த் கட்சியின் பெயரை எடுத்துக்கொள்வோம். தேசிய, முற்போக்கு, திராவிட, கழகம். நான்கு சொற்கள், நான்கும் இரவல். 'தேசிய' காங்கிரஸ் வீட்டுச் சொல். 'முற்போக்கு' இடதுசாரிகள் வீட்டுச் சொல். 'திராவிட'வும் 'கழக'மும் எந்த வீட்டுச் சொற்கள் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரிடமிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தால் எல்லோருக்கும் மாற்றாகிவிடலாம் என்ற நம்பிக்கை இந்தப் பெயரில் இருக்கிறது. மோசமான கவிஞர்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு: நல்ல கவிதைகளிலிருந்து நல்ல சொற்களைப் பொறுக்கி அடுக்கினால் நல்ல கவிதை வந்துவிடும் என்று.

இருந்தும் பெயரைவிட மனிதர் ஒரு கணம் உண்மையாக இருந்தார். 2006ல், மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டணி என்று சொல்லி அவர் தனியாக நின்றார். சுமார் 8.4 சதவீத வாக்கு கிடைத்தது. இடம் ஒன்றே ஒன்று, விருத்தாசலம், அவருடையது. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு பத்து சதவீதத்தைத் தொட்டது. இடம் ஒன்றும் இல்லை. 2011ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 41 இடங்களில் நின்று 29ல் ஜெயித்தார், தி.மு.க.வைப் பின்னுக்குத் தள்ளி எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தனியாக நின்றபோது வாக்கு இருந்தது, இடம் இல்லை. சேர்ந்து நின்றபோது இடம் இருந்தது, எதற்காக வாக்கு விழுந்ததோ அது இல்லை. 2016 தேர்தலுக்குச் சற்று முன் அவருடைய உறுப்பினர்கள் 8 பேர் ராஜினாமா செய்ததில் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போயிற்று. அந்தத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து முதலமைச்சர் வேட்பாளராக நின்றார்; அணி மொத்தத்துக்கும் ஓர் இடம்கூட இல்லை. அவருடைய கட்சியின் வாக்கு 2.4 சதவீதத்துக்கு இறங்கியது. உளுந்தூர்பேட்டையில் அவரே முன்வைப்புத் தொகையை இழந்தார். 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது சென்னையில் திரண்ட கூட்டம் கட்சிக்காக வந்த கூட்டம் அல்ல. 2006ல் தனியாக நின்றாரே, அந்த மனிதருக்காக வந்தது என்று எனக்குத் தோன்றியது.

இதில் மனிதரின் தவறு எவ்வளவு, கணக்கின் தவறு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவரே உறுப்பினர் என்கிற நம் முறையில், மாநிலம் முழுக்க ஒரே சீராகப் பரவிய ஆதரவுக்கு மதிப்பே இல்லை. ஒரு ஊரில் குவிந்த ஐயாயிரம் வாக்கு, இருபது ஊர்களில் சிதறிய ஐம்பதாயிரத்தைவிடப் பலமானது. இந்த முறை நாம் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வாங்கியது. அவர்களுடைய நாட்டிலேயே இது என்ன செய்தது என்பதை நான் அந்த நாட்களில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துப் பத்திரிகைகளில் வாரந்தவறாமல் படித்தேன்.

1981 மார்ச்சில் அங்கே சோஷல் டெமாக்ரடிக் கட்சி தொடங்கப்பட்டது. ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் என்று லேபர் கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நான்கு பேர். தாட்சர் வலது பக்கம் போய்விட்டார், மைக்கேல் ஃபுட்டின் லேபர் இடது பக்கம் போய்விட்டது, நடுவில் ஒரு மைதானம் காலியாகக் கிடக்கிறது என்றார்கள். லிபரல் கட்சியோடு கூட்டணி அமைத்தார்கள். 1983 ஜூன் தேர்தலில் கூட்டணிக்கு 25.4 சதவீதம், லேபருக்கு 27.6. வித்தியாசம் சுமார் இரண்டு சதவீதம். இடங்களோ லேபருக்கு 209, கூட்டணிக்கு 23. ஏழு வருஷத்தில் கட்சி லிபரல்களோடு கரைந்தது. கரைய மறுத்த ஓவனின் மிச்சம் 1990ல் ஓர் இடைத்தேர்தலில் கோமாளிக் கட்சி ஒன்றின் வேட்பாளருக்கும் பின்னால் வந்து, அதோடு கடையைச் சாத்தியது.

அப்போது நாங்கள் நாலைந்து நண்பர்கள் அந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்பினோம். நம் ஊர்ப் பேச்சாளர்களின் அடுக்குமொழி காதில் விழாத ஒரு அரசியல், நிதானமாகப் பேசுகிற படித்த மனிதர்களின் அரசியல் என்று அதை நினைத்தோம். இப்போது யோசித்தால், எங்களுக்கு அவர்களுடைய கொள்கை ஒன்றும் தெரியாது. பிடித்தது தொனி. தொனியைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டோம். இலக்கிய விமர்சனத்தில் ஒரு மாணவன் இந்தத் தவறைச் செய்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

தவறு அதோடு நிற்கவில்லை. 'நடு' என்ற சொல்லும் அந்த ஊர் வரைபடத்தில் உள்ள சொல். அங்கே இரண்டு கட்சிகளும் உண்மையிலேயே விலகிப்போயின, ஆகவே நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. இங்கே தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? இட ஒதுக்கீட்டில் இரண்டும் ஒன்று. ரேஷன் கடையில் இரண்டும் ஒன்று. 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவைப் பின்வந்த தி.மு.க. நிறுத்தவில்லை, முட்டை சேர்த்தது. 1989ல் தி.மு.க. பெண்களுக்குக் கொடுத்த சொத்துரிமையைப் பின்வந்த அ.தி.மு.க. திருப்பி வாங்கவில்லை. இரண்டு சுவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் நடு வீடு கட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால் மனை எங்கே என்றுதான் கேட்க வேண்டும். ஜனங்களின் புகார் இவை இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டன என்பதல்ல. இரண்டும் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிட்டன என்பதுதான்.

இந்த இடத்தில் 'மய்யம்' வருகிறது. அது 1980களில் கமல்ஹாசன் நடத்திய பத்திரிகையின் பெயர்; பிறகு கட்சியின் பெயரானது. இடதும் இல்லை, வலதும் இல்லை, மய்யம் என்றார். எனக்கு அந்தச் சொல்லின் பொருளைவிட அதன் எழுத்துக்கூட்டல்தான் முதலில் கண்ணில் பட்டது. மையம் அல்ல, மய்யம். 'ஐ'யை 'அய்' என்று எழுதுவது பழைய இலக்கணத்திலேயே உண்டு, அதுவும் போலிதான். ஆனால் நம் காலத்தில் அப்படி எழுதுவதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. அது பெரியாரின் பத்திரிகைகளில் பழகிய எழுத்து. 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை உருவம் மாறின. 'அய்' அரசு வழக்காகவில்லை. ஆகவே இன்றும் அப்படி எழுதுகிறவர் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவிக்கிற பெயர், தன் முதல் எழுத்திலேயே ஒரு பக்கத்தின் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறது.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தமிழில் எழுதத் தொடங்கிய உடனே நாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். 'விஷயம்' என்று எழுதினால் ஒரு பக்கம், 'செய்தி' என்று எழுதினால் இன்னொரு பக்கம். நம்முடைய பத்திரிகைகள் கிரந்த எழுத்தை விடாமல் வைத்திருந்ததும், அதைக் கேட்டவர்களுக்கு நாம் கொடுத்த பதிலும் நினைவிருக்கும். பக்கம் இல்லாத எழுத்து இந்த மொழியில் இல்லை. மய்யத்தின் பிழை அது ஒரு பக்கம் சாய்ந்தது அல்ல. சாயவில்லை என்று சொல்லிக்கொண்டது.

2019ல் அந்தக் கட்சிக்குச் சுமார் 3.7 சதவீதம் கிடைத்தது. சென்னைத் தொகுதிகளிலும் கோயம்புத்தூரிலும் பத்து சதவீதத்தைத் தாண்டியது. கிராமங்களில் பெயர் அளவுக்குத்தான். அதாவது அடுக்குமொழியில் சலித்தவர்கள் அதிகம் வசிக்கும் இடங்களில் அது விளைந்தது. 2021ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 வாக்கில் தோற்றார். கட்சியின் வாக்கு 2.6 சதவீதம். 2024ல் போட்டியிடாமல் தி.மு.க. கூட்டணிக்கு ஆதரவு கொடுத்தார். 2025 ஜூலையில் அந்த ஆதரவின் வழியே மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். எழுத்து தன் பழைய விலாசத்துக்குத் திரும்பிப் போயிற்று. வேறு எழுத்து வந்து உட்கார்ந்தது, பொருள் மாறவில்லை. இலக்கணப்படி இது போலி.

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை வடிவாக இருக்கும். ஆனால் ஒன்று இடிக்கிறது. வீட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு ஊதியம் தரவேண்டும் என்று 2020 டிசம்பரில் மய்யம் சொன்னது. அப்போது பலரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சில மாதங்களில் தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. 2023 செப்டம்பர் 15ல் அது தொடங்கியது. அரசு அதற்கு வைத்த பெயரில் 'உரிமை' என்ற சொல் இருக்கிறது. ஊதியம் வேறு, உதவித்தொகை வேறு, உரிமைத்தொகை வேறு. அந்த வித்தியாசங்களைப் பற்றித் தனியே எழுதலாம். ஆனால் வீட்டு வேலைக்குக் காசு என்ற எண்ணம் இரண்டு சதவீதக் கட்சியின் அறிக்கையிலிருந்தும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்குக்குப் போகிற பாதையில் வந்திருக்கலாம் என்பதை நான் மறுக்க முடியாது. இங்கே நடந்தது போலிக்கு நேர் எதிர். எழுத்து மாறவில்லை, பொருள் கொஞ்சம் மாறியது. மாற்று என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான், தான் ஜெயிக்காமலே, நடக்குமோ என்னவோ.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2009 தேர்தலில் நான் வாக்குச்சாவடிக்குப் போய் 49-ஓ என்றேன். அப்போது நோட்டா பொத்தான் கிடையாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013ல்தான் வந்தது. 49-ஓ என்றால் யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரகசியம் இல்லை. அதிகாரி, "நிச்சயமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சி முகவர்களும் தலை தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நிம்மதி. அது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. நான் அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு உதவி செய்திருந்தேன். நோட்டா வந்த பிறகும் கணக்கு அதுதான். 2016ல் 1.3 சதவீதம் பேர் அதை அழுத்தினார்கள். அது எத்தனை வாக்கு வாங்கினாலும் அடுத்து வருகிறவர்தான் உறுப்பினர்.

அன்று வெளியே வந்தபோது எனக்கு ஒரு நல்ல கவிதை எழுதிய திருப்தி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. 1959ல் 'எழுத்து' வந்தது முதல் நம் வட்டம் பழகிய திருப்தி அது. வணிகப் பத்திரிகை அல்ல, மேடைத் தமிழ் அல்ல, கட்சி இலக்கியம் அல்ல. அல்ல, அல்ல என்று சொல்லிச் சொல்லி நாம் ஒரு அழகியலைக் கட்டினோம். கவிதையில் அது பலித்தது; நல்ல கவிதைகள் வந்தன. ஏனென்றால் அங்கே மறுத்ததோடு நிற்காமல் உட்கார்ந்து எழுதினோம். அரசியலில் மறுத்ததோடு எழுந்துவிட்டோம். ரேஷன் கடை வாசலில் நிற்காதவர்களுக்கு அப்படி எழுந்துபோவது சுலபம்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். 2011 தேர்தல் சமயத்தில் துணி கொடுக்கப் போனபோது பேச்சு வந்தது. 2006ல் விஜயகாந்துக்குப் போட்டதாகச் சொன்னார். "இப்ப?" என்றேன். "அவரே அங்க போயிட்டாரே சார்," என்றார். கொஞ்ச நேரம் பெட்டியைத் தேய்த்துவிட்டு, "நாம மாத்தி மாத்திப் போடறதுதான் சார். அப்பத்தான் கொஞ்சமாச்சும் பயப்படுவாங்க," என்றார்.

அவர் சொன்னது அப்போது எனக்குச் சலிப்பாகவே பட்டது. 1989, 1991, 1996, 2001, 2006, 2011 என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஆண்டவர்கள் இறக்கப்பட்டிருக்கிறார்கள். 1996ல் முதலமைச்சராக இருந்தவரே பர்கூரில் தோற்றார். அந்த அம்மாவிடம் இருந்தது இரண்டே சீட்டு. அதை வைத்து ஆறு ஆட்டம் ஆடியிருக்கிறார். அந்த ஆட்டமும் நிரந்தரமல்ல. 2016ல் ஆண்ட கட்சியே மறுபடி வந்தது. அவருடைய பயம் காட்டும் அரசியலால் பணமூட்டையை நிறுத்த முடியவில்லை. அவரை நான் ஞானியாக்கப் பார்க்கவில்லை. ஆனால் சொல்லைக் கவனிக்கிறேன். நாம் மாற்று என்ற பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு, அது எங்கிருந்தாவது வரும் என்று காத்திருந்தோம். அவரிடம் இருந்தது மாற்றுதல் என்ற வினை. வினைக்கு எழுவாய் அவரே.

நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், பன்னிரண்டாவது. அங்கே வருகிற உவமை தராசு. தராசின் முள் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் இருக்கிறது என்பதற்காக யாரும் அதை மூன்றாவது தட்டு என்று சொல்வதில்லை. அது எடை பார்க்கிற இடம், எடை போடுகிற இடம் அல்ல. நடு என்பதை ஒரு கட்சி நிற்கிற இடமாக நினைத்ததில்தான் கோளாறு தொடங்கியது என்று நினைக்கிறேன். அது வாக்களிப்பவர் நிற்க வேண்டிய இடம், விமர்சகனும் நிற்க வேண்டிய இடம். அங்கே நிற்பவர் இரண்டு தட்டையும் பார்க்காமல் திரும்பிக்கொண்டால் அது நடுவுநிலைமை ஆகாது.

மாற்று என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் உண்டு. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். அங்கே மாற்று என்பது ஒன்றுக்குப் பதில் வருகிற மற்றொன்று அல்ல, தரத்தின் அளவு. உரைகல்லில் தேய்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. புதிதாக வருகிற எவரையும் இந்த அர்த்தத்தில் கேட்கலாம்: நீ யாருக்கு மாற்று என்று அல்ல, உன் மாற்று என்ன என்று. தனியாக நின்றபோது என்ன சொன்னாய், சேர்ந்தபோது அதில் எவ்வளவு மிச்சம்? பணத்தை எங்கிருந்து வாங்குகிறாய்? உன் கட்சிக்குள் உன்னை எதிர்த்து ஒருவன் பேச முடியுமா? இந்தக் கேள்விகளைப் பழையவர்களிடமும் கேட்கலாம். கேட்டிருக்க வேண்டும்.

2021ல் நான் வாக்களித்தேன். எந்தப் பொத்தான் என்பது ரகசியம். நோட்டா அல்ல என்று மட்டும் சொல்லலாம். வெளியே வந்தபோது கவிதை எழுதிய திருப்தி எதுவும் இல்லை. விரலில் மை இருந்தது, கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. இஸ்திரி வண்டிக்கார அம்மா வரிசையில் எனக்கு நாலைந்து பேர் பின்னால் நின்றிருந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.